வலிக்காத புண்: தாத்தாவின் தொழுநோயும் அப்பாவின் சர்க்கரையும்

கேள்வி இது: "என் தாத்தாவுக்குத் தொழுநோய் இருந்தது. ஒரு வருடம் மாத்திரை கொடுத்து, குணமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் விரல்கள் ஒவ்வொன்றாகக் குட்டையாகிப் போயின. கிருமி செத்த பிறகு விரல் எப்படி அழுகும்? இப்போது அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை. ஆனால் வலியே இல்லை என்கிறார். தாத்தாவின் நோய் அப்பாவுக்கும் வந்துவிட்டதா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தாத்தாவின் நோய் அப்பாவுக்கு வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தொழுநோய் பரம்பரையாக இறங்கும் நோய் இல்லை. நார்வேயில் பெர்கன் ஊரில் ஹான்சன் என்ற மருத்துவர் 1873-லேயே அதன் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உடம்பு அந்தக் கிருமியை வேர்பிடிக்கவே விடாது. மனசு கேட்கவில்லை என்றால் ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள். தேமல் இருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் இரண்டு பேரையும் சேர்த்து நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நோய்தான் வேறு. தாத்தாவின் விரல் போன வழியில்தான் அப்பாவின் புண்ணும் வந்திருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஏழு வருடமாகச் சர்க்கரைக்காரர்களின் பாதங்களைப் பார்க்கிறேன். இங்கே சேர்ந்த முதல் வாரம் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. அதே காய்ப்பு, அதே இடத்தில் புண், "வலிக்கலை சார், அதான் விட்டுட்டேன்" என்ற அதே பேச்சு. இவர்கள் காரில் வந்து இறங்கினார்கள், அதுதான் வித்தியாசம்.

விரல் அழுகி விழுகிறது என்பது நம் ஊரில் மட்டும் இருந்த நம்பிக்கை இல்லை. கிருமி சதையைத் தின்கிறது, அந்தச் சதை 'கெட்ட சதை', அதில் கத்தி வைத்தால் ஆறாது என்று டாக்டர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. சட்டமும் அதையே நம்பியது. 1898-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம் யாரைத் தொழுநோயாளி என்று வரையறுத்தது தெரியுமா? புண் வைக்கத் தொடங்கியவரை. புண்ணோடு தெருவில் பிச்சை எடுப்பவரைப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே பிடித்துக்கொண்டு போகலாம். உண்மையில் கிருமியைப் பரப்பக்கூடியவர் எப்படி இருப்பார் என்றால், காதுமடல் தடித்து, முகம் எண்ணெய் பூசினமாதிரி மினுமினுத்து, பத்து விரலும் முழுசாக இருக்கும். கடைத்தெருவில் காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர் உடம்பில் பல நேரம் உயிருள்ள கிருமியே மிஞ்சியிருக்காது. சட்டம் தப்பான ஆளைப் பார்த்துப் பயந்தது. அதை நீக்க 2016 ஆயிற்று.

இந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில், மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே தொழுநோய் மருத்துவராக இருந்த ராபர்ட் காக்ரேன் அவரைச் சுற்றிக் காட்டினார். விரல் மடங்கிப்போன ஒருவரிடம் பிராண்ட் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்துத்தான் கொடுத்தார். அந்த ஆள் பிடித்த பிடியில் நகம் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. விரலை நிமிர்த்த முடியாத ஒருவருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? நோய் கை முழுவதையும் தின்றிருந்தால் எல்லாத் தசையும் போயிருக்க வேண்டுமே. சில தசை செத்து, பக்கத்துத் தசை கல்லுமாதிரி இருப்பானேன்?

விடை நரம்பில் இருந்தது. ஒரு நோயாளி இறந்தபோது இரவோடு இரவாக உடலைத் திறந்து, நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரித்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் கெடவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலுக்கு வெளிப்பக்கம், கணுக்காலுக்குப் பின்னால் என்று சில இடங்களில் மட்டும் கயிறுமாதிரி வீங்கியிருந்தது. நரம்பு ஆழத்திலிருந்து மேலே வந்து தோலுக்குக் கீழே ஓடும் இடங்கள் இவை. உடம்பில் கொஞ்சம் குளிர்ந்த இடங்களும் இவையே. தொழுநோய்க் கிருமிக்கு நம் உடம்பின் 37 டிகிரி ஆகாது. முப்பதுக்கு முன்னே பின்னே இருந்தால்தான் அதற்குச் சௌகரியம். அதனால்தான் காதுமடல், மூக்கு, புருவம், கைகால். அக்குளிலும் தலைமயிருக்கு அடியிலும் அதிகம் தென்படாது. பின்னாளில் விஞ்ஞானிகள் இந்தக் கிருமியை வளர்க்கத் தேர்ந்தெடுத்த இடமும் இந்தக் கணக்குப்படிதான். 1960-ல் ஷெப்பர்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி சுண்டெலியின் உள்ளங்காலில் வளர்த்துக் காட்டினார். 1971-ல் இயல்பிலேயே உடல் வெப்பம் குறைந்த அர்மடில்லோ என்ற விலங்கில் வளர்ந்தது. சோதனைக்குழாயில் இன்றுவரை வளரவில்லை.

குளிர்ச்சிக் கணக்கு கையில் கிடைத்ததும் ஒரு பெரிய கதவு திறந்தது. எந்த நரம்பு எந்த இடத்தில் கெடும் என்று முன்கூட்டியே தெரியுமென்றால், எந்தத் தசை கெடவே கெடாது என்றும் தெரியும். முன்கையின் நடுவில், சதைக்குள் ஆழத்தில் நரம்பு வாங்கும் தசைகள் தப்பித்துவிடும். நல்ல தசையின் நாணை எடுத்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய் மடங்கிய விரலில் தைத்தால், அது இனித் திரும்பவும் செத்துப்போகாது என்ற தைரியத்தோடு தைக்கலாம். 1940-களின் கடைசியில் வேலூரில் தொடங்கிய அந்த ஆபரேஷன்தான் பல வகையாக மாறி இன்றும் நடக்கிறது. தையல் பிரித்தபிறகு எங்கள் வேலை. மணிக்கட்டை நிமிர்த்த நினைத்தால் விரல் நிமிரும். மூளைக்கு அதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதம் ஆகும். கண்ணுக்கும் இதே மாதிரி ஒரு வித்தை உண்டு. இமை மூடாத கண்ணுக்கு, மெல்லும் தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இமையில் கட்டுவார்கள். அதன்பிறகு வாயை மென்றால் கண் சிமிட்டும். வெற்றிலை போடுபவர்களுக்கு இது மிக வசதி என்று எங்கள் வார்டில் ஒரு தாத்தா சொல்வார்.

ஆனால் கை நிமிர்ந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டு, விரல் குறைந்து திரும்பி வந்தார்கள். கை நன்றாகிவிட்டதால் பிச்சை விழவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அது வேறு துயரம். அதற்காகவே வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஒன்றைத் தொடங்கி, தச்சு வேலையும் பொம்மை செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே ஆட்கள் கண் முன்னால் இருந்ததால், ஒவ்வொரு காயமும் எப்போது, எதனால் வந்தது என்று துப்பறியும் வாய்ப்பு கிடைத்தது. சுத்தியல் பிடியின் சிராய் குத்தியது. அடுப்பிலிருந்து கிழங்கைக் கையாலேயே எடுத்தது. ஸ்டோர் அறைப் பூட்டு துருப்பிடித்து, பிராண்டால் திறக்க முடியாமல் நின்றபோது ஒரு சின்னப் பையன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. சில பேருக்கு மட்டும் இரவில் படுத்துக் காலையில் எழுந்தால் விரல் துண்டாக இல்லை. காரணம் யாருக்கும் புரியவில்லை. ஒருவர் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்து கண்டுபிடித்தார்: எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது, அவருக்கு உணர்வு இல்லாததால் விழிப்பு வரவில்லை. மருந்தாக என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பூனை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், நோய் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. விரல் 'உதிர்வதில்லை'. மரத்துப்போன விரலில் சூடு படும், வெட்டுப்படும், சீழ் வைக்கும், சீழ் எலும்புக்கு இறங்கும். எலும்பு கொஞ்சம் கரையும், விரல் அரை அங்குலம் குறையும். மறுபடி சூடு. இப்படிப் பத்து வருடம். உங்கள் தாத்தாவின் விரல்கள் ஒவ்வொன்றாகக் குட்டையானது இப்படித்தான். நரம்பு கெட்டது எப்போதோ. மிச்சத்தை அடுப்பும் அரிவாளும் செய்தன.

'ஆறாத சதை' என்ற பேச்சும் அதோடு போயிற்று. புண்ணுள்ள காலுக்கு மாவுக்கட்டு போட்டு, மிதிக்காமல் விட்டால் மற்றவர்களுக்கு ஆறும் வேகத்தில் இவர்களுக்கும் ஆறியது. இதை வேலூருக்கு முன்பே செய்து பார்த்தவர்களில் ஒருவர் கொழும்பில் இருந்த அறுவை மருத்துவர் மில்ராய் பால். மாவுக்கட்டுக்குள் மந்திரம் எதுவும் இல்லை. வலி செய்ய வேண்டிய காவல் வேலையை அது செய்கிறது.

கிட்டத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு அக்கா. மருந்து முடித்து எட்டு வருடம். வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு டீ போட்டார். ஸ்டவ்விலிருந்து பாத்திரத்தை விளிம்பில் இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, நிதானமாக டம்ளரில் ஊற்றினார். கைத்துணி தோளிலேயே கிடந்தது.

"அக்கா, கை!"

"என்னப்பா?"

திருப்பிப் பார்த்தால் இரண்டு ஆள்காட்டி விரலின் உள்பக்கமும் வெளுத்து, தோல் எழும்பத் தொடங்கியிருந்தது. அவருக்கு என் முகம் போன போக்குதான் கவலை. "டீ ஆறிடப்போவுது, குடி" என்றார். கைத்துணி எடுக்கத் தெரியாதவர் இல்லை. ஆனால் நாம் யாரும் யோசித்துக் கைத்துணி எடுப்பதில்லை. சிறுவயதில் ஒரு முறை சுட்டது நமக்காக யோசிக்கிறது. அவருக்கு அந்த நினைவூட்டல் நின்றுபோய் எட்டு வருடம். பிறகு பாத்திரத்துக்கு மரப்பிடி போட்ட இடுக்கி வாங்கிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டார் முன்னால் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்று உள்ளே வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நாங்கள் நினைக்கும் 'பாதுகாப்பு' வேறு, தெருவில் அதற்குப் பெயர் வேறு.

இனி உங்கள் முதல் கேள்வியின் கஷ்டமான பாதி: கிருமி செத்த பிறகும் நரம்பு கெடுமா? கெடும்.

இந்தக் கிருமி நரம்பிழையைச் சுற்றிப் போர்வைமாதிரி இருக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியேறும். அதன் மேல்தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்பு, அந்தச் செல்லின் உறையில் இருக்கும் லாமினின் என்ற புரதத்தோடு பூட்டும் சாவியும்போல் பொருந்துகிறது என்று 2000-ல் கண்டுபிடித்தார்கள். உள்ளே போனபிறகு அவசரமே இல்லை. ஒன்று இரண்டாகப் பன்னிரண்டு பதினான்கு நாள் ஆகும்; காசநோய்க் கிருமிக்கு இது ஒரு நாளுக்குள் முடிகிற வேலை. 2001-ல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது பாதிக்கு மேல் செயலிழந்த குப்பை. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உடைந்து கிடந்தன. நம் செல்லுக்குள் உட்கார்ந்து நம் சாப்பாட்டையே தின்று பழகிய சோம்பேறிக் கிருமி. அதனால் நோய் வெளியே தெரியவே சராசரி ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும்.

இந்தச் சோம்பேறி நரம்பைப் பெரிய அளவில் சிதைப்பதில்லை. நரம்பை அதிகம் சிதைப்பது நம் எதிர்ப்பு சக்தி. ஒரு நாள் உடம்பு விழித்துக்கொண்டு ஷ்வான் செல்லுக்குள் இருப்பதை எதிரி என்று கண்டுகொள்ளும். படை திரண்டு வரும், நரம்பு வீங்கும். நரம்பைச் சுற்றி இறுக்கமான உறை இருப்பதால் வீக்கத்துக்கு இடம் கிடையாது. உள்ளே ரத்த ஓட்டம் நசுங்கும். சில நாட்களில், சில வாரங்களில் விரல் மடங்கிவிடும், கால் தொங்கிவிடும். இதற்கு 'ரியாக்ஷன்' என்று பெயர். மாத்திரை கிருமியைக் கொன்றாலும் பிணம் உள்ளேயே கிடக்கும். உடம்பு அதைக் கூட்டி வெளியேற்ற வருடங்கள் ஆகும். அதுவரை ரியாக்ஷன் வரலாம். மருந்து முடித்த பிறகும் வரலாம். உங்கள் தாத்தாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. அதற்கு முன் டாப்சோன் ஒன்றையே ஆயுள் முழுக்கக் கொடுத்து, கிருமி அதற்குப் பழகிப்போயிருந்தது. புது மாத்திரை அட்டையில் ரிஃபாம்பிசின் என்ற மருந்தும் இருந்தது. சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். அதே அட்டையிலிருந்த குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் அதற்காகவே அட்டையை ஒளித்து வைப்பார்கள். ஆனாலும் கிருமியைப் பொறுத்தவரை அது அபாரமான வெற்றி. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், முடிந்தது. வெற்றி வந்ததும் கணக்கும் மாறியது. அட்டை முடித்தவரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே என்ற இலக்கை 2005 டிசம்பரில் தொட்டுவிட்டதாக இந்தியா அறிவித்தது. இன்றும் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்த நாட்டில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்பது வேறு விஷயம். என் வருத்தம் எண்ணிக்கையைப் பற்றியதல்ல. பதிவேட்டில் 'குணம்' என்ற சொல்லுக்குக் கிருமி இல்லை என்று மட்டும் அர்த்தம் ஆனது. நரம்பைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த பழைய ஆட்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அந்த இடங்களில் புது ஆட்கள் வரவில்லை.

ஒரு கட்டட மேஸ்திரி. மருந்து முடித்த ஐந்தாவது வாரம் முழங்கையில் வலியும், சுண்டுவிரலில் மதமதப்பும். மாத்திரை வாங்கிய இடத்துக்கே போயிருக்கிறார். "உனக்குத்தான் கோர்ஸ் முடிஞ்சுதே, வேலை செஞ்ச வலியா இருக்கும்" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்பது முக்கியமில்லை. அன்றைக்கு எங்கும் நடந்திருக்கும். என்னிடம் வந்தபோது பத்து மாதம் ஆகியிருந்தது. முழங்கையின் உள்பக்கம் அவர் நரம்பு என் விரலுக்கடியில் சைக்கிள் பிரேக் கேபிள்மாதிரி உருண்டது. காகிதத்தை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பிடிக்கச் சொன்னால் நழுவியது. கரணை பிடிக்கும் கை. முதல் வாரமே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கியிருந்தால் திரும்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆறு மாதத்துக்குள் வந்த நரம்புச் சேதம் ஸ்டீராய்டுக்கு மசியும். அதற்கு மேல் பழையதானால் அசையாது.

இதுவும் யாரோ அனுபவத்தில் சொன்னதல்ல. நேபாளத்திலும் வங்கதேசத்திலும் இதற்கென்றே சோதனைகள் நடந்தன. ஆறு மாதத்தைத் தாண்டிய சேதத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடப் பலன் தெரியவில்லை. இன்னொன்று எனக்கு ஏமாற்றம் தந்தது: மருந்து தொடங்கும்போதே எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் ஸ்டீராய்டு கொடுத்தால் ரியாக்ஷனே வராதே என்று பார்த்தார்கள். நான்காவது மாதத்தில் பலன் தெரிந்தது. ஒரு வருடம் ஆனபோது கரைந்துவிட்டது. காரணம் புரிந்துவிட்டால் மருந்தும் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். இன்றுவரை நம்பகமான வழி பழைய வழிதான்: மாதாமாதம் கண்ணை மூடச் சொல்லி, பால்பென் முனையால் உள்ளங்கையில் தொட்டு, "எங்கே தொட்டேன், காட்டு" என்று கேட்பது. சில பேருக்கு வலியே இல்லாமல் நரம்பு போகும். கேட்காவிட்டால் தெரியவே வராது.

சர்க்கரைக்கு வருகிறேன். பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். 1941-ல் முதன்முதலில் டாப்சோன் வகையைச் சேர்ந்த சல்ஃபோன் மருந்து கொடுத்துப் பார்த்த அதே இடம். அங்கே உள்ளங்கால் புண் எப்படித் தொடங்குகிறது என்று எலியின் பாதத்தில் இயந்திரம் வைத்துச் சோதித்தார்கள். ஆணி குத்துவது, தீப்படுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது இது: சாதாரண நடையின் அழுத்தமே, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை, நாள் தவறாமல் விழுந்தால் அந்த இடம் சிவந்து, சூடேறி, உள்ளுக்குள் கன்றி, கடைசியில் வெடிக்கும். நமக்கு ஏன் வெடிப்பதில்லை? திருப்பதி மலை ஏறி இறங்கும்போது கவனித்துப் பாருங்கள். ஒரு இடம் எரிச்சல் எடுத்ததும் அறியாமலே காலைச் சாய்த்து வைப்போம், நொண்டுவோம், உட்காருவோம். வலி நம்மை நொண்ட வைக்கிறது, நொண்டுவதால் பாதம் பிழைக்கிறது. உணர்வில்லாதவர் நொண்டாமல் கம்பீரமாக நடப்பார். மலையேறிவிட்டு வந்த அவர் சாக்ஸைக் கழற்றினால் ரத்தம்.

சர்க்கரையில் கெடுவது முதலில் நீளமான நரம்புகள், அதாவது கால்விரல் நுனிக்குப் போகிறவை. உணர்வு மட்டும் போவதில்லை. பாதத்தின் சின்னத் தசைகள் சுருங்கி விரல்கள் கொக்கிமாதிரி வளையும், அதனால் விரலடி எலும்பு முனைகள் கீழே துருத்தும், அழுத்தம் முழுக்க அங்கே விழும். வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கும். உங்கள் அப்பாவின் புண் பெருவிரலுக்கு அடியில் இருப்பது தற்செயல் இல்லை. அது நோய் தேர்ந்தெடுத்த இடமல்ல, அவர் நடை தேர்ந்தெடுத்த இடம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையின் நீரிழிவு ஆய்வு மையத்தோடு சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை. தொழுநோய் வார்டில் கற்ற பாடம் எவ்வளவு பேருக்குத் தேவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவுக்கட்டு வைத்தியம் தொழுநோயிலிருந்து சர்க்கரைக்குப் போன பாதை கார்வில் வழியாகத்தான். 1989-ல் அமெரிக்காவில் சர்க்கரைப் புண்களில் ஒரு சோதனை. காலோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்ட 21 பேரில் 19 பேருக்கு ஆறியது. வழக்கமான டிரெஸ்ஸிங் செய்த 19 பேரில் 6 பேருக்குத்தான் ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸிலும் அழுத்தம் நன்றாகக் குறையும். ஆனால் ஆறுவது குறைவு. ஏன் என்று பூட்ஸில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக அடியெண்ணும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் நடந்த அடிகளில் 28 சதவீதத்தில் மட்டும்தான் பூட்ஸ் காலில் இருந்தது. பாத்ரூமுக்குத்தானே, வாசலுக்குத்தானே என்று கழற்றிவிடுகிறார்கள். அலட்சியம் என்று திட்டுவார்கள் டாக்டர்கள். நான் திட்டமாட்டேன். வலிக்காத காலை நோயுள்ள கால் என்று எத்தனை நாள் நினைவு வைத்திருக்க முடியும்? அந்த அக்காவின் கைத்துணி தோளிலேயே கிடந்ததும் இதே காரணத்தால்தான்.

ஒரு எச்சரிக்கை. தொழுநோய்ப் பாதத்தில் ரத்த ஓட்டம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். சர்க்கரையில் ரத்தக் குழாயே அடைத்திருக்கலாம். அப்படியென்றால் மாவுக்கட்டு ஆபத்து. முதலில் அடைப்பைப் பார்க்க வேண்டும். உள்ளே சீழ் இருந்தாலும் மூடக்கூடாது. ஆகவே தொழுநோய்க்குச் செய்ததை அப்படியே எடுத்து அப்பாவுக்குச் செய்யச் சொல்லவில்லை. யூடியூப் பார்த்து நீங்களாகக் கட்டிவிடாதீர்கள்.

மூன்று மாதம் ஆறாத புண் என்றால் இந்த வாரமே பாதம் பார்க்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வீச்சமோ காய்ச்சலோ பாதம் சிவந்து வீங்குவதோ இருந்தால் இன்றைக்கே. அங்கே கண்ணை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். கணுக்காலிலும் பாதத்தின் மேல்புறத்திலும் நாடி பார்ப்பார்கள், எலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். புண்ணைச் சுற்றியுள்ள காய்ப்பைச் சீவி எடுப்பார்கள்; ரத்தம் வந்தால் பயப்படாதீர்கள், காய்ப்பே உள்ளே ஒரு கல்மாதிரி குத்திக்கொண்டிருக்கும். மருந்து என்ன போடுகிறீர்கள் என்று கேட்பதைவிட, "அப்பா இந்த இடத்தை மிதிக்காமல் இருக்க என்ன வழி?" என்று கேளுங்கள். களிம்பை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

இன்று ராத்திரி செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்பா சாய்ந்து உட்கார்ந்து கால் நீட்டியிருக்கும்போது உங்கள் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு பாதத்தின் ஒரு இடம் மட்டும் மற்றதன் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் அங்கே அடுத்த புண் தயாராகிறது. கருவி வைத்து அளப்பவர்கள் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் வித்தியாசம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். புறங்கைக்கும் ஓரளவு தெரியும். பிறகு அவர் செருப்புக்குள் கையை விட்டு விரலடி இடத்தைத் தடவுங்கள். போன மாதம் ஒருவர் செருப்பில் எனக்குக் கிடைத்தது பேரனுடைய பொம்மைக் காரின் சக்கரம். நான்கு நாளாக அதை மிதித்து ஆபீஸ் போய் வந்திருக்கிறார்.

கிளினிக்குப் போகும்போது புதுச் செருப்பு மாட்டிவிடாதீர்கள். அவர் தினமும் போடும் பழையதையே, வீட்டுக்குள் போடுவது ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.